விபிஎன் சேவையை எதை வைத்து நம்புவது?

அரசு முடக்கிய ஓர் இணையதளத்தை விபிஎன் வழியாகத் திறக்கும் வாசகர், தன் இணைய நடமாட்டம் முழுவதையும் முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் கையில் ஒப்படைக்கிறார். அந்த நிறுவனம் யாருடையது, எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, எதையெல்லாம் பதிவுசெய்து வைக்கிறது என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. தடையைத் தாண்டும் அவசரத்தில், தேடியவுடன் கண்ணில் படும் இலவசச் செயலி கைபேசியில் ஏறிவிடுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இது எட்டாத தூரத்துப் பிரச்சினை அல்ல. 2025 பிப்ரவரி 15 அன்று மாலை விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதை ஒட்டி ‘விகடன் ப்ளஸ்’ ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டிருந்தது. அதிபர் ட்ரம்ப் அருகே பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருப்பதாகச் சித்தரித்த அந்தப் படத்துக்குத் தமிழ்நாடு பாஜக எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. தளத்தை முடக்குவது குறித்து முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று அப்போது விகடன் கூறியது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி.பரத சக்கரவர்த்தி மார்ச் 6 அன்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். படம் இடம்பெற்ற பக்கத்தைத் தற்காலிகமாக நீக்க விகடனுக்கும், தளத்தின் மீதான தடையை விலக்க மத்திய அரசுக்கும் அவர் உத்தரவிட்டார். ஒரே ஒரு படத்துக்காக, 1926இல் தொடங்கிய இதழியல் பாரம்பரியம் கொண்ட ஒரு நிறுவனத்தின் தளம் முழுவதும் மூன்று வாரங்களுக்கு நெருக்கமாக மூடிக் கிடந்தது.

இலங்கைத் தமிழருக்கு இந்த அனுபவம் இன்னும் பழையது. தமிழ்நெட் தளம் அங்கு 2007 ஜூனிலேயே முடக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 அன்று மக்கள் போராட்டம் மூண்டபோதும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. கடைசித் தடை நாளில், அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே தானும் விபிஎன் பயன்படுத்துவதாகவும், அது இருக்கையில் இத்தகைய தடைகளால் பயன் இல்லை என்றும் ட்விட்டரில் எழுதினார்.

பாதை அமையும் விதம்

இந்தியாவில் இணையதளங்களை முடக்கும் அதிகாரம் முதன்மையாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவிலிருந்து வருகிறது. 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, முடக்கக் கோரிக்கைகளையும் அவற்றின் மீதான நடவடிக்கைகளையும் ரகசியமாக வைத்திருக்கச் சொல்கிறது. உத்தரவைச் செயல்படுத்துவது ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் போன்ற இணைய சேவை நிறுவனங்கள். தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரில் பொய்யான பதில் தருவது ஒரு முறை. பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது வெளிப்படையாகச் செல்லும் தளப் பெயரைப் படித்து இணைப்பைத் துண்டிப்பது இன்னொரு முறை. நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறுவதால்தான் ஒரே தளம் ஒருவர் கைபேசியில் திறக்கிறது, பக்கத்தில் இருப்பவர் கைபேசியில் திறப்பதில்லை.

விபிஎன், கைபேசிக்கும் வேறெங்கோ இருக்கும் ஒரு சர்வருக்கும் இடையே மறைகுறியாக்கம் செய்த பாதையை அமைக்கிறது. முகவரி எழுதிய கடித உறையை இன்னோர் உறைக்குள் வைத்து, வெளி உறையில் விபிஎன் நிறுவனத்தின் முகவரியை மட்டும் எழுதி அனுப்புவதற்கு இது ஒப்பாகும். உள்ளூர் இணைய நிறுவனத்துக்கு வெளி உறை மட்டுமே தெரியும்: எந்த விபிஎன் சர்வர், எத்தனை மணிக்கு, எவ்வளவு தரவு. பயனர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது அதற்குத் தெரியாது. ஆனால், வெளி உறையைப் பிரிக்கும் விபிஎன் நிறுவனத்துக்கு அது தெரியும். பயனரின் உண்மையான ஐபி முகவரியும் அவர் போகும் தளங்களும் ஒருசேரத் தெரியும் இடத்தில் இப்போது அந்த நிறுவனம் அமர்ந்திருக்கிறது. முன்பு இணைய சேவை நிறுவனம் இருந்த அதே இடம் அது. வங்கி, மின்னஞ்சல் தளங்களில் இருக்கும் ‘எச்டிடிபிஎஸ்’ பாதுகாப்பு, உள்ளடக்கத்தை விபிஎன் நிறுவனத்திடமிருந்தும் காக்கும். எங்கே போகிறோம் என்பதைக் காக்காது.

அலுவலக விபிஎன் வேறு

போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் தொழிற்பேட்டைகளில் விபிஎன் என்ற சொல் பலருக்கும் வேலை வழியாகத்தான் அறிமுகம். தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருப்பவர் பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கும் தலைமை அலுவலகத்தின் சர்வருக்குள் நுழைய அது தேவைப்படுகிறது. தடை தாண்ட உதவும் விபிஎன்னும் இதுவும் தொழில்நுட்பத்தில் ஒன்று, நோக்கத்தில் நேர்மாறானவை. அலுவலக விபிஎன், நிறுவனத்தின் தரவை வெளியாரிடமிருந்து காக்கிறது. ஊழியரை நிறுவனத்திடமிருந்து காப்பதில்லை. அது இயங்கும்போது ஊழியர் திறக்கும் தளங்கள் நிறுவனத்தின் கணினிப் பிரிவு பார்க்கக்கூடிய பாதையில் செல்லலாம். தொழிற்சங்கம் பற்றிப் படிப்பவரும், தொழிலாளர் நலத் துறைக்குப் புகார் எழுதுபவரும் அலுவலகக் கணினியையும் அலுவலக விபிஎன்னையும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது.

சட்டமும் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை வெளியிட்டது. பொதுமக்களுக்கு விபிஎன் சேவை தரும் நிறுவனங்கள், வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல், வழங்கப்பட்ட ஐபி முகவரி, சேவை பெற்ற காலம், பெறுவதன் நோக்கம் ஆகியவற்றை ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ வைத்திருக்க வேண்டும் என்றது அந்த ஆணை. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன்களுக்கு இது பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கம் வந்தது.

ஆணையின் விளைவு கவனிக்கத்தக்கது. விவரங்களைச் சேமிப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் தொழில் நடத்தியவை இந்தியாவிலிருந்த சர்வர்களை அகற்றிக்கொண்டன. எக்ஸ்பிரஸ்விபிஎன் 2022 ஜூன் தொடக்கத்தில் அறிவித்தது. சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் அதே மாதத்தில் தொடர்ந்தன. புரோட்டான் விபிஎன் செப்டம்பரில் விலகியது. பெயர் தெரியாத, அலுவலக முகவரி இல்லாத இலவசச் செயலிகளுக்கோ அகற்ற வேண்டிய சர்வரும் இல்லை, காப்பாற்ற வேண்டிய வாக்கும் இல்லை. 2025 ஜனவரியில், கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 உள்ளிட்ட சில செயலிகள் அரசு உத்தரவால் ஆப்பிள், கூகுள் செயலிக் கடைகளிலிருந்து இந்தியாவில் நீக்கப்பட்டன. அறிந்த பெயர்கள் விலகும் சந்தையில் அறியாத பெயர்களே மிஞ்சும். எனவே, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் பயனர் தலையில் விழுந்திருக்கிறது.

உரிமையாளர் யார்?

முதலில் பார்க்க வேண்டியது உரிமை. ஒனாவோ என்ற நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013இல் வாங்கியது. ‘பாதுகாப்பு’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட அதன் விபிஎன் செயலி, பயனர்கள் வேறெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக்குக்குத் தெரிவித்துவந்தது. 2018இல் ஆப்பிளின் கடையிலிருந்து அது நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மூடப்பட்டது.

பல பெயர்களில் இயங்கும் சேவைகள் ஒரே கையில் இருப்பதும் உண்டு. முன்பு கிராஸ்ரைடர் என்ற பெயரில் இயங்கிய கேப் டெக்னாலஜிஸ் நிறுவனம், 2017 முதல் சைபர்கோஸ்ட், ஜென்மேட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வாங்கியது. 2021இல் எக்ஸ்பிரஸ்விபிஎன்னை 93.6 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு, விபிஎன்களுக்குத் தரவரிசை தரும் தளங்களை நடத்திய நிறுவனத்தையும் அது வாங்கியது. ‘சிறந்த 10 விபிஎன்’ பட்டியலைப் படிப்பவர், பட்டியல் போடுபவர் யார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2025இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. வெவ்வேறு நிறுவனங்களுடையவைபோலத் தோன்றிய ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகள் பல, உண்மையில் ஒன்றோடொன்று தொடர்புடைய மூன்று குடும்பங்களுக்குள் அடங்குபவை என்று அது காட்டியது. இவை மொத்தமாக 70 கோடிக்கும் மேற்பட்ட முறை தரவிறக்கப்பட்டவை. சில செயலிகளின் நிரலுக்குள்ளேயே கடவுச்சொல் பொதிந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டால், இடையில் இருப்பவர் பயனரின் போக்குவரத்தை மறைநீக்கிப் படித்துவிடலாம். உரிமையாளர் பெயரையும் முகவரியையும் வெளிப்படையாகச் சொல்லாத சேவையை அத்துடன் ஒதுக்கிவிடலாம்.

செலவை யார் கொடுக்கிறார்?

சர்வர்களுக்கும் அலைவரிசைக்கும் மாதந்தோறும் பணம் வேண்டும். பயனர் கொடுக்கவில்லை என்றால் வேறு யாரோ கொடுக்கிறார். ஹோலா என்ற இலவச விபிஎன், தன் பயனர்களின் இணைய இணைப்பையே வேறு நிறுவனங்களுக்கு விற்றுவந்தது 2015இல் வெளிப்பட்டது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித் துறை முடக்கிய ‘911 எஸ்5’ வலைப்பின்னல் இதைவிடக் கொடியது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவசச் செயலிகளை நிறுவியவர்களின் கணினிகள், அவர்கள் அறியாமலே குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன. ஏறத்தாழ 200 நாடுகளில் 1.9 கோடி ஐபி முகவரிகள் இதில் சிக்கின. மோசடிக்காரர் ஒருவர் இந்த வழியில் நடமாடினால், விசாரணையில் முதலில் அகப்படுவது அப்பாவிப் பயனரின் ஐபி முகவரி.

ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் 2016இல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைச் சோதித்தார்கள். 38 சதவீதத்தில் தீங்கு நிரலுக்கான அறிகுறி இருந்தது. 18 சதவீதம் தரவை மறைகுறியாக்கமே செய்யவில்லை. இலவசம் என்பதாலேயே எல்லாம் கெட்டவை ஆகிவிடாது; கட்டணச் சந்தாதாரர்களின் பணத்தில் இலவசப் பிரிவை நடத்தும் புரோட்டான் போன்றவையும் உண்டு. வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தெளிவாகச் சொல்ல முடிகிறதா என்பதே உரைகல்.

கதவு தட்டப்பட்டபோது நடந்தது

ஏறத்தாழ எல்லா விபிஎன் விளம்பரங்களும் ‘பதிவுகள் வைப்பதில்லை’ என்கின்றன. அந்தச் சொல்லின் பெறுமதி, காவல் துறையோ நீதிமன்றமோ கேட்கும் நாளில்தான் தெரியும். அமெரிக்காவில் 2017இல் நடந்த ஓர் இணையவழித் துன்புறுத்தல் வழக்கில், பதிவுகள் வைப்பதில்லை என்று சொல்லிவந்த பியூர்விபிஎன் அளித்த பதிவுகள் எஃப்பிஐக்கு உதவின. அதே வாக்குறுதியைத் தந்த ஐபிவானிஷும் 2016இல் இதுபோல் விவரம் தந்தது பின்னர் வெளியானது. அவ்வழக்குகளில் குற்றவாளி பிடிபட்டது நல்லதே. ஆனால், குற்றவாளிக்குச் சொன்ன அதே பொய்தான் பத்திரிகையாளருக்கும் சொல்லப்பட்டது. பதிவு இருக்கும் இடத்தில் திருட்டும் நடக்கும். பதிவு வைப்பதில்லை என்ற யூஎஃப்ஓ விபிஎன் உள்ளிட்ட ஹாங்காங் சேவைகளின் பயனர் பதிவுகள், பூட்டில்லாத சர்வரில் திறந்து கிடந்தது 2020 ஜூலையில் தெரியவந்தது.

மறுபக்கச் சான்றுகளும் உண்டு. அமெரிக்காவில் 2016இல் ஒரு வழக்கில் எஃப்பிஐ கேட்டபோது, பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் நிறுவனத்திடம் பயனரைக் காட்டும் பதிவு இல்லை. துருக்கிக்கான ரஷ்யத் தூதர் 2016 டிசம்பரில் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில், துருக்கி அதிகாரிகள் எக்ஸ்பிரஸ்விபிஎன்னின் சர்வரைக் கைப்பற்றினார்கள். அவர்கள் தேடியது அதில் இல்லை. 2023 ஏப்ரல் 18 அன்று ஸ்வீடன் போலீஸார் முல்வாட் நிறுவனத்தின் யோத்தபோரி அலுவலகத்துக்குச் சோதனை ஆணையுடன் வந்து வெறுங்கையுடன் திரும்பினார்கள். முல்வாட் கணக்கு தொடங்க மின்னஞ்சல்கூடக் கேட்பதில்லை. ஓர் எண் மட்டும் தருகிறது. உறையில் வைத்து அனுப்பும் ரொக்கத்தையும் ஏற்கிறது. வைத்திராததைக் கொடுக்க முடியாது என்ற வடிவமைப்பே இத்தகைய சேவையின் பலம்.

நாடும் கணக்கில் வர வேண்டும். எந்த நிறுவனமும் தன் நாட்டு நீதிமன்றத்தை மீற முடியாது. சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில், அந்நாட்டு அதிகாரிகளின் உத்தரவால் 2021இல் ஒரு பிரெஞ்சுச் சூழலியல் செயல்பாட்டாளரின் ஐபி முகவரியைப் பதிவுசெய்து கொடுக்க நேர்ந்தது. ரஷ்யாவில் 2017ஆம் ஆண்டுச் சட்டம், அரசின் தடைப் பட்டியலை விபிஎன் நிறுவனங்களே செயல்படுத்த வேண்டும் என்கிறது. எந்த அரசின் பார்வையிலிருந்து விலக வேண்டுமோ, அந்த அரசின் சட்ட எல்லைக்குள் இருக்கும் சேவையால் பயன் இல்லை.

கருவியின் தரம்

உரிமை, வருமானம், வரலாறு மூன்றும் சரியாக இருந்தாலும் கருவி ஒழுகினால் வீண். ஓப்பன்விபிஎன், வயர்கார்டு போன்றவை பலர் கண்ணில் பட்டுச் சோதிக்கப்பட்ட நெறிமுறைகள். வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸ் கருநிரலிலேயே இடம்பெற்றது. தானே உருவாக்கிய ரகசிய முறை என்று பெருமை பேசும் சேவையைவிட, நிரலைத் திறந்து காட்டும் சேவை மேல். வெளியார் ஆய்வு அறிக்கையை முழுமையாக வெளியிடுவதும் நல்ல அடையாளம். ஆனால், ஆய்வு நடந்த நாளின் நிலையைத்தான் அறிக்கை சொல்லும்.

பயனரே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளும் உண்டு. விபிஎன் இயங்கும்போது ஐபி, டிஎன்எஸ் கசிவைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்து, ஜியோ, ஏர்டெல் போன்ற உள்ளூர் நிறுவனத்தின் பெயர் தென்படுகிறதா என்று பார்க்கலாம். தென்பட்டால் கசிவு இருக்கிறது. இணைப்பு அறுந்தால் மொத்த இணையத்தையும் நிறுத்தும் ‘கில் ஸ்விட்ச்’ வேலை செய்கிறதா என்று வைஃபையை அணைத்துப் போட்டுச் சோதிக்கலாம். செயலி கேட்கும் அனுமதிகளையும் பார்க்க வேண்டும்: தொடர்புப் பட்டியலும் குறுஞ்செய்தியும் விபிஎன்னுக்குத் தேவையே இல்லை.

எங்கிருந்து பெறுவது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஈரானியர்கள் தடை தாண்டப் பயன்படுத்திய ‘சிமுர்க்’ மென்பொருளின் போலிப் பதிப்பு ஒன்று, விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் திருடுவதாக 2012இல் சிட்டிசன் லேப் கண்டறிந்தது. செயலிக் கடையிலிருந்து ஒரு விபிஎன் நீக்கப்பட்டவுடன் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சுற்றத் தொடங்கும் ஏபிகே கோப்புகளை இந்தச் சந்தேகத்துடனேயே பார்க்க வேண்டும்.

விபிஎன் செய்ய முடியாதவை

இணையத்தையே துண்டித்துவிட்டால் விபிஎன்னுக்கு வேலை இல்லை. மணிப்பூரில் 2023 மே மாதம் அதுதான் நடந்தது. ஜூலையில் பிராட்பேண்ட் சேவை நிபந்தனைகளுடன் திரும்பியபோது, கணினிகளில் விபிஎன் இருக்கக் கூடாது என்பதும் ஒரு நிபந்தனை. காஷ்மீரில் 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில் 301 தளங்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. அங்கு விபிஎன் பயன்படுத்தியவர்கள் மீது பிப்ரவரியில் யுஏபிஏ சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. இந்தியாவில் விபிஎன்னைப் பொதுவாகத் தடைசெய்யும் சட்டம் இல்லை. ஆனால், ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் 2025 மே மாதம் நடந்ததுபோல, மாவட்ட நிர்வாகம் தற்காலிகத் தடை உத்தரவு போட முடியும். உள்ளூர் நிலவரம் தெரியாமல் இதில் இறங்கக் கூடாது.

கூகுளிலோ ஃபேஸ்புக்கிலோ சொந்தக் கணக்கில் உள்நுழைந்தவரை விபிஎன் மறைக்காது. உளவு மென்பொருள் புகுந்த கைபேசியையும், பறிமுதல் செய்யப்பட்ட கைபேசியையும் அது காக்காது. உயிருக்கோ வேலைக்கோ ஆபத்து உள்ளவர் ஒரே நிறுவனத்தை நம்புவதை விட, டோர் போன்ற வலைப்பின்னலை நாடுவது மேல். அதில் இணைப்பு மூன்று சர்வர்கள் வழியாகச் செல்வதால், பயனர் யார், போகும் இடம் எது என்ற இரண்டும் எந்த ஒரு சர்வருக்கும் சேர்ந்து தெரிவதில்லை.

ஆக, நம்பிக்கைக்கு உரிய விபிஎன் என்பது பெயரும் முகவரியும் உள்ள உரிமையாளரைக் கொண்டது; வருமானத்தின் மூலத்தை மறைக்காதது; குறைவாகச் சேமிப்பது; அதிகாரம் கதவைத் தட்டிய நாளில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது; நிரலைத் திறந்து காட்டுவது. இவற்றில் முதல் இரண்டு இல்லாத செயலி கைபேசியில் இருந்தால், அதை இன்றே நீக்கிவிடுவது நல்லது.

ஆனால், ஒரு வார இதழைப் படிக்க வாசகர் மறைபாதை தேட வேண்டிய நிலை ஜனநாயகத்துக்கு ஏற்றதல்ல. 69ஏ பிரிவைச் செல்லும் என்று 2015இல் ஸ்ரேயா சிங்கல் வழக்கில் கூறிய உச்ச நீதிமன்றம், முடக்க உத்தரவுக்கான காரணங்கள் எழுத்தில் பதியப்பட வேண்டும் என்ற பாதுகாப்பைச் சுட்டிக்காட்டியே அவ்வாறு தீர்ப்பளித்தது. இணைய முடக்க உத்தரவுகளை அரசு வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கிலும் அது கூறியது. தளங்களை முடக்கும் உத்தரவுகளுக்கும் அதே வெளிப்படைத்தன்மை வர வேண்டும். 16ஆவது விதியின் ரகசியம் விலக வேண்டும். பொதுமக்களின் விவரங்களை ஐந்து ஆண்டுகள் சேமிக்கச் சொல்லும் 2022 ஆணையையும் மத்திய அரசு திரும்பப் பெற வேண்டும்.